தூங்குமூஞ்சி அம்மன்

என் கொழுந்தன் சாம்சன் பன்னிரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவிலிருந்து வந்தபோது இரண்டு பெட்டியும் ஒரு போட்டோ ஆல்பமும் கொண்டுவந்தான். பெட்டியில் இருந்த சோப்பும் செண்டும் சாக்லேட்டும் ஒரே நாளில் தீர்ந்துவிட்டன. ஆல்பம் மட்டும் தீரவே இல்லை. காலையில் நான் டீ ஆற்றும்போது ஒரு தரம், மத்தியானம் வெங்காயம் அரியும்போது ஒரு தரம், குடும்ப ஜெபம் முடிந்து எல்லோரும் கண்ணைத் திறந்ததும் ஒரு தரம் என்று காட்டிக்கொண்டே இருந்தான்.

அதில் முக்கியமான போட்டோ இரண்டுதான். ஒன்றில் நீளமாக ஒரு வெள்ளை வண்டி நிற்கும். பார்க்க பஸ் மாதிரி இருக்கும், ஆனால் பஸ் இல்லை. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ்கூட இருக்கிறதாம். லீவு விட்டதும் சாம்சனும் அவன் பெண்டாட்டி ஃபெபியும் அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவார்களாம்.

“மோட்டார் ஹோம் அண்ணி. வூட்டயே கூட கூட்டிக்கினு போற மாதிரி,” என்றான்.

வெளியூர் போவதே வீட்டையும் அடுப்பையும் ஒரு நாளாவது மறந்திருக்கத்தான். அதையும் கூடவே இழுத்துக்கொண்டு போவதற்கு ஒருவன் கடல் தாண்டிப் போய்ப் படிக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. அந்த வண்டியில் சமைக்கிறது யார் என்று கேட்டேன். ஃபெபி ஆல்பத்தின் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

அடுத்த பக்கத்தில் மரம். ரெட்வுட் என்று பெயராம். அதன் உச்சி போட்டோவுக்குள் அடங்கவில்லை. அடிமரத்தில் ஒரு வாசல் மாதிரி ஓட்டை, அந்த ஓட்டைக்குள் ஒரு கார், காருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சாம்சன்.

“ரெண்டாயிரம் வருஷம் அண்ணி. ஏசு பொறக்கசொல்லவே அது மரமா நின்னுக்கினு இருந்துச்சு. அங்க ஒரு கெளைய ஒடிச்சா ஜெயிலு.”

“அப்போ இந்த ஓட்டய யாரு போட்டது?”

“அது டூரிஸ்ட்டுங்களுக்கோசரம் போட்டது,” என்றான் அவன், கொஞ்சமும் கூசாமல்.

எங்கள் கடைக்கு மேலேயும் ஒரு மரம் இருந்தது. அதை யாரும் போட்டோ எடுத்ததில்லை. பெங்களூர் ரோட்டில் இருங்காட்டுக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டை ஒட்டியே நிற்கிற தூங்குமூஞ்சி மரம். நாலு ஆள் கை கோத்தால்தான் அடியைச் சுற்ற முடியும். சாயங்காலமானால் இலையை மூடிக்கொண்டு தூங்கிவிடும், அதனால் அந்தப் பெயர். வேம்பு என்றால் மாரியம்மன் வருவாள், அரசமரம் என்றால் பிள்ளையார் வந்து உட்காருவார். தூங்குமூஞ்சியில் குடியிருக்க எந்தச் சாமியும் அதுவரை மனு போட்டதில்லை. பிசுபிசுவென்று காய் கொட்டும், அவ்வளவுதான் அதன் மகிமை.

ஆனால் அந்த நிழல் இருக்கிறதே, அதுதான் எங்களுக்குச் சோறு. மெட்ராஸிலிருந்து வருகிற லாரிக்காரர்கள் செம்பரம்பாக்கம் ஏரிக் காற்றை வாங்கிவிட்டு அடுத்த நிழல் எங்கே என்று பார்த்தால் அது என் கடையாகத்தான் இருக்கும். என் டீ சுமார்தான், அது எனக்கே தெரியும். அவர்கள் நிழலுக்கு வந்தார்கள், சும்மா உட்கார வெட்கப்பட்டு டீ குடித்தார்கள், பசித்தால் ஆம்லெட் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் யாக்கோபுவுக்கு வாட்ச்மேன் வேலை இருந்த மாதங்களைவிட இல்லாத மாதங்கள் அதிகம். எங்கள் மகன் அன்பு பாலிடெக்னிக் வரைக்கும் படித்தது அந்த நிழலில்தான்.

கடையில் கிளாஸ் கழுவ கிளியம்மாள் இருந்தாள். பதினோரு வருஷமாக வருகிறாள். “சரிக்கா” என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டதில்லை. கழுவுகிற தொட்டி மரத்து நிழலைத் தாண்டி வெயிலில் இருந்தது. நிழலில் பெஞ்சு போட்டால் ஆள் உட்காருவான், தொட்டியைப் போட்டால் யார் உட்காருவார்கள்? அவள் டீ குடிக்க விளிம்பு உடைந்த கிளாஸ் ஒன்று தொட்டி ஓரமாகத் தனியாகக் கவிழ்த்திருக்கும். நாங்கள் வேதக்காரர்கள், ஜாதி பார்ப்பதில்லை. கிளாஸ் மட்டும் தனி.

நிலம் என் மாமனாருடையது. அவர் சாகும்போது வாய்ப்பேச்சாக உள்பக்கத்தைப் பெரியவருக்கும் ரோட்டுப் பக்கத்தைச் சின்னவனுக்கும் சொல்லிவிட்டுப் போனார். சின்னவன் விமானம் ஏறிவிட்டதால் அவன் பங்கில் நான் கடை போட்டேன். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் கம்பெனி வரப்போகிறது, கம்பெனி வரப்போகிறது என்று ஒரே பேச்சு. சிமெண்டுப் பலகை நட்ட இடத்திலெல்லாம் ஜனங்கள் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். மெட்ராஸ்காரர் ஒருவர் குடோன் கட்டுவதற்குச் சாம்சனின் பங்கைக் கேட்டிருக்கிறார். லாரி திரும்ப இடம் வேண்டும், மரத்தோடு வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. கோதண்டம் வந்து டீ குடித்த விதத்தில் எனக்குத் தெரிந்தது. கோதண்டம் எங்கள் சுற்று வட்டாரத்தில் மரம் அறுக்கிற மேஸ்திரி. டீ குடிக்கிறவன் கிளாஸைப் பார்ப்பான். இவன் அண்ணாந்து கிளையைப் பார்த்துக்கொண்டே குடித்து, பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான். பிறகு மடியிலிருந்து கயிற்றை எடுத்து மரத்தைச் சுற்றி அளந்தான்.

“இன்னா கோதண்டம், மரத்துக்குச் சொக்கா தெக்கப் போறியா?”

“சும்மாக்கா, ஒரு இதுக்கு,” என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. சொல்ல வேண்டி வந்தால் காதைச் சொறிவார்.

“அது அவன் பங்கு ஞானம். நா இன்னா பண்றது? அன்புவ அமெரிக்காவுக்குக் கூட்டிக்கினு போறேன்றான்.”

“என்னிக்கு வெட்றாங்க?”

“பொதங்கெழம.”

“பொதங்கெழமதான நாம பெரிய மரம் பாக்க டூர் போறோம்னு தம்பி சொல்லிக்கினு இருந்தான்?”

அவர் காது சிவந்துபோகிற வரைக்கும் சொறிந்தார். அண்ணி இருந்தால் அழும், மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், அதனால் அன்றைக்கு எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்பது சாம்சனின் யோசனையாம். இருபது வருஷத்தில் என்னை ஒரு சர்க்கஸுக்குக்கூடக் கூட்டிப்போகாத குடும்பம், என் மரத்தை வெட்டுகிற நாளில் எனக்கு மரம் காட்டக் கிளம்பியிருக்கிறது. வயிறு எரிந்தது. அன்று அடுப்பில் வைத்த பாலையும் எரியவிட்டேன்.

கத்திப் பார்த்திருக்கலாம். கத்தினால் புதன்கிழமை வெட்டுகிற மரத்தை வெள்ளிக்கிழமை வெட்டுவார்கள். நிலத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் கிடையாது. வெட்டச் சொல்கிறவன் ஒரு ஆள்தான் என்றாலும் வெட்டுகிறவன் வேறு ஆள் அல்லவா? நான் கோதண்டத்தைப் பற்றி யோசித்தேன்.

கோதண்டம் எதற்கும் அஞ்சாதவன், ஒன்றே ஒன்றைத் தவிர. அவன் அண்ணன் ஒரு தரம் அடியில் மஞ்சள் பூசின செங்கல் இருந்ததைக் கவனிக்காமல் ஒரு பனையைச் சாய்த்துவிட்டானாம். அதே மாசம் அவனுக்கு வலது கை விழுந்துவிட்டது. அதிலிருந்து கோதண்டம் எந்த மரத்திலும் ரம்பம் வைக்குமுன் கற்பூரம் ஏற்றி, ‘உள்ளே யாராவது இருந்தால் எழுந்து போய்விடுங்கள்’ என்று உத்தரவு கேட்பான். மஞ்சள் துணியைக் கண்டால் கேட்கவே மாட்டான், திரும்பிவிடுவான். இந்தப் பக்கத்தில் மரம் அறுக்கிறவர்கள் எல்லோருமே அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை கடை கட்டுகிற நேரத்தில் கிளியம்மாளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கலைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து மரத்தடியில் நட்டேன். என்னுடைய பழைய மஞ்சள் சேலையை அடிமரத்தில் சுற்றிக் கட்டினேன். குங்குமம் கிளியம்மாள் கொண்டுவந்தது. செங்கல் என் வீட்டுச் செங்கல், மஞ்சள் என் வீட்டுச் சமையல் மஞ்சள். இதில் நான் எந்தக் கட்டளையை மீறினேன் என்று பத்துக் கட்டளையையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். விக்கிரகம் கூடாது என்கிற இரண்டாவதில் கொஞ்சம் இடித்தது. மேலே போய்விட்டேன்.

“கோதண்டம் அப்பியும் போவலன்னா நீ தல முடிய அவுத்து வுட்டுக்கினு நாலு ஆட்டம் ஆடு. ‘வெட்டாத’ன்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்.”

“சரிக்கா,” என்றாள் கிளியம்மாள்.

புதன்கிழமை விடிகாலை மெட்டடோர் வேன் வந்து பின்பக்கத்து வாசலில் நின்றது. ரோட்டுப் பக்கம் நின்றால் நான் மரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன் என்று சாம்சன் பயந்திருப்பான் போலிருக்கிறது. எனக்கு அது நல்லதாகப் போயிற்று, செங்கலை அவன் பார்க்கவில்லை. டிரைவர் கண்ணப்பன் பொறுமைசாலி. சாம்சன் அவன் வண்டியின் பின் சீட்டுகளைக் கழற்றி, மெத்தை போட்டு, பம்ப் ஸ்டவ் வைத்து, தண்ணீர் டிரம் ஏற்றி, மூலையில் ஃபெபியின் பூப்போட்ட பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டியிருந்தான். திரைக்குப் பின்னால் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது.

“நம்ம ஊரு மோட்டார் ஹோம் அண்ணி,” என்றான்.

“சார், வண்டி ஓடசொல்ல ஸ்டவ்வு பத்த வெக்காதீங்க. எல்லாரும் ஒண்ணா மேல போயிடுவோம்,” என்றான் கண்ணப்பன்.

எங்கள் சனம் வேளாங்கண்ணிக்கும் திருப்பதிக்கும் லாரியில் அண்டா குண்டானோடு போய், ரோட்டோரம் கல் கூட்டிச் சமைத்து, அங்கேயே பாய் விரித்துத் தூங்கி எழுந்து வருகிற சனம்தான். அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் இருக்கிறது என்று தெரியாமல் இத்தனை காலம் ஆல்பம் போடாமல் இருந்துவிட்டோம்.

போகிற இடம் திருவக்கரை, திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம். அங்கே கல்லாகிப்போன ராட்சச மரங்கள் இருக்கின்றன என்று யாக்கோபு யாரிடமோ கேட்டு வந்து சொல்லியிருந்தார். சாம்சனுக்கு வாயெல்லாம் பல். அமெரிக்காவில் மரம் இரண்டாயிரம் வருஷம், இங்கே கோடிக் கணக்கில் என்றதும் இந்தியாவின் மீது அவனுக்குத் திடீரென்று பற்று வந்துவிட்டது.

மதுராந்தகம் ஏரிக்கரையில் வண்டி நின்றது. வெளியே நல்ல காற்று. உப்புமாவைக் கரையிலேயே கிளறிவிடுகிறேன் என்றேன். சாம்சன் ஒப்புக்கொள்ளவில்லை. வண்டிக்குள்ளே சமைப்பதுதான் அந்தப் பயணத்தின் விசேஷமாம். நான் கூரையில் தலை இடிக்கக் குனிந்து, ஸ்டவ்வை இரண்டு முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ரவை கிளறினேன். சாம்சனும் ஃபெபியும் யாக்கோபுவும் வெளியே கரையில் நின்று ஏரியைப் பார்த்து நைஸ், நைஸ் என்றார்கள். அந்த அமெரிக்க வண்டியில் சமைப்பது யார் என்று கேட்டதற்கு ஃபெபி ஏன் பக்கத்தைத் திருப்பினாள் என்பது எனக்கு அப்போது விளங்கியது. பாவம், அவளும் இப்படித்தான் குனிந்திருப்பாள். ஒரு தட்டு உப்புமா அதிகமாகவே வைத்தேன்.

வாளியை யாரும் தொடவில்லை. ஃபெபி மட்டும் ஒரு தரம் திரைக்குப் பின்னால் போனாள். திண்டிவனம் தாண்டினதும் ரோடு மோசம். போனவள் திரையோடு சேர்ந்து எங்கள் மேல் வந்து விழுந்தாள். அதற்குப் பிறகு பெட்ஷீட்டை மடித்து வைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறேனே தவிர, அன்றைக்கு எனக்கு உயிரே இல்லை. எட்டு மணிக்குக் கோதண்டம் ஆட்களோடு வந்திருப்பான். ஒன்பதுக்குக் கற்பூரம் ஏற்றியிருப்பான். செங்கலைப் பார்த்தானா, இல்லை, ‘நேத்து வரைக்கும் இல்லாத சாமி இன்னிக்கு எங்கேர்ந்து வந்துச்சு’ என்று உதைத்துத் தள்ளிவிட்டானா? கிளியம்மாள் வாயைத் திறந்திருப்பாளா? சத்தமாக ‘தண்ணி’ என்றுகூடக் கேட்காதவளை நம்பி மரத்தை விட்டுவிட்டு வந்தோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

திருவக்கரையில் இறங்கிப் பார்த்தால் செம்மண் மேடு. மேடெல்லாம் மரங்கள் படுத்துக் கிடந்தன. துண்டு துண்டாக, பட்டையும் வளையமும் அப்படியே தெரிய, தொட்டால் கல். இரண்டு கோடி வருஷம் என்று பலகையில் எழுதியிருந்தது. யாரும் எதையும் எடுத்துப்போகக் கூடாது என்றும் எழுதியிருந்தது.

சாம்சனுக்கு முகம் விழுந்துவிட்டது. “ஒண்ணுகூட நிக்கலயே.”

“படுத்துக்கினு இருந்தாலும் மரம் மரந்தாண்டா,” என்றார் யாக்கோபு.

நின்றால்தானே கையை விரித்துக்கொண்டு பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கலாம். கடைசியில் சாம்சன் ஒரு மரத்தின் பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டான். ஃபெபி பிலிம் ரோல் முழுவதையும் அங்கேயே தீர்த்தாள். அமெரிக்காவில் கீழே விழுந்த காயைக்கூட எடுக்கவிடமாட்டார்கள், ஜனங்களுக்கு அவ்வளவு ஒழுக்கம் என்று பேசிக்கொண்டே அவன் உள்ளங்கையளவு கல்மரத் துண்டு ஒன்றைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. “ரெண்டாயிரம் வருஷத்து மரத்த வெட்டினா ஜெயிலு. அறுவது வருஷத்து மரத்துக்கு இன்னா தம்பி?”

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் காதைச் சொறிந்தார்.

“அண்ணி, அது வேற. அது நேச்சர். இது நம்ம எடம்,” என்றான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “இந்நேரம் முடிஞ்சிருக்கும். உங்களுக்கு வேற எடத்துல நல்லா கட போட்டுத் தரேன்.”

“நெழலயும் போட்டுத் தருவியா?”

கண்ணப்பன் வண்டியைக் கிளப்பினான்.

திரும்பி வருகிற வழி முழுக்க டிரம்மில் தண்ணீர் ஆடுகிற சத்தம்தான் கேட்டது. ஒரகடம் தாண்டினதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த மரம் விழுந்து கிடப்பதை அவர்களுக்கு முன்னால் நான் பார்க்க விரும்பவில்லை. வண்டி பெங்களூர் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகிவிட்டது. இருபுறமும் லாரி நிற்கிறது, ஆக்ஸிடெண்டு போலிருக்கிறது என்றான் கண்ணப்பன். அப்போது உடுக்கைச் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். மரம் நின்றுகொண்டிருந்தது. இலையை மூடுகிற நேரம், மூடிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, மரத்தை இன்னும் பார்க்காத சாம்சன் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தான்.

மரத்தடியில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். என் மஞ்சள் சேலைக்கு மேல் இன்னும் நாலைந்து சேலை கட்டியிருந்தது. செங்கலுக்கு மாலை. ரம்பத்துக்கும் குங்குமம் வைத்துப் படுக்கப் போட்டிருந்தார்கள். கோதண்டம் ஈரத் துண்டோடு ஓடி வந்தான்.

“ரத்தம் வந்துச்சுக்கா. துணியப் பாத்தும் புத்தியில்லாம ஒரே ஒரு கொத்து கொத்தினேன். ரத்தம் வந்துச்சு.”

தூங்குமூஞ்சியைக் கொத்தினால் பிசின் வரும். எட்டு வயசுப் பிள்ளைக்கும் தெரியும் அது. முப்பது வருஷமாக மரம் அறுக்கிறவனுக்குத் தெரியாமல் போய்விட்டது.

“அப்ப அம்மா எறங்கிச்சு,” என்று நிழலைக் காட்டினான்.

கிளியம்மாள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி இடுப்பு வரைக்கும் விரிந்து கிடந்தது. அவ்வளவு முடி அவளுக்கு இருந்தது எனக்குத் தெரியாது. அவள் புருஷன் மண்ணாங்கட்டி, எந்நேரமும் சாராய வாடையோடு திரிகிறவன், குளித்து நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு தட்டு பிடித்தபடி பக்கத்தில் நின்றான்.

கிளியம்மாள் சாம்சனை நோக்கி விரலை நீட்டினாள். கூட்டம் விலகி வழிவிட்டது.

“எங்கடா போயிருந்தே?”

“மரம்... பெரிய மரம் பாக்க,” என்றான் சாம்சன். அமெரிக்காவில் இன்ஜினியர்.

“நா இங்க நிக்கசொல்ல எந்த மரத்தடா பாக்கப் போனே?”

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் ஆல்பம் காட்டின நாளிலிருந்து என் தொண்டையில் நின்ற கேள்வி அது, அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை.

“எனக்கு இன்னா கொண்டாந்தே?”

அவன் பேண்ட் பையைத் தடவினான். கல்மரத் துண்டு வெளியே வந்தது. இரண்டு கையாலும் ஏந்திப் போய்ச் செங்கலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் சபையில் முதல் வரிசையில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கூட்டம் குலவையிட்டது. திருவக்கரையில் படுத்துப் பழகியிருந்ததால் அழகாகவே விழுந்தான்.

சாமி இருக்கிற நிலம் வேண்டாம் என்று மெட்ராஸ்காரர் ஒதுங்கிக்கொண்டார். சாம்சன் கிறிஸ்மஸ் முடிந்து விமானம் ஏறினான். போகிற அன்று புது ரோல் வாங்கி மரத்தடியில் கையை விரித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டான். அந்த ஊரில் இப்போது யாருக்கோ அதைக் காட்டி, எங்கள் மரத்தைத் தொட்டால் ரத்தம் வரும் என்று சொல்லிக்கொண்டிருப்பான். அன்புவைக் கூட்டிப்போகிற பேச்சை அவனும் எடுக்கவில்லை, அன்புவும் எடுக்கவில்லை. எங்கள் போதகர் வந்து, மரத்தடிச் செங்கல் யார் வீட்டுச் செங்கல் என்று கேட்டார். செங்கலில் பெயர் எழுதியிருக்கிறதா ஐயா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். பொங்கல் வரைக்கும் சிரித்தேன்.

பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை, கூட்டத்துக்கு நடுவில், கிளியம்மாள் என் பக்கம் விரலை நீட்டினாள்.

“முட்ட நாத்தம் எனக்கு ஆவல. கடைய எட்டக் கொண்டு போ.”

நான் யாக்கோபுவைப் பார்த்தேன். அவருக்குக் காது சொறியத்தான் தெரியும். லாரிக்காரர்களே, என் கையால் பத்து வருஷம் ஆம்லெட் தின்றவர்களே, பெஞ்சையும் பாய்லரையும் தொட்டியையும் தூக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். அம்மன் சொல் தட்டக் கூடாதாம். எந்த அம்மன் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? நான்தான் செங்கல் நட்டேன் என்று சொன்னால் மறுநாளே கோதண்டம் ரம்பத்தைத் துடைத்து எடுப்பான். மரம் நிற்க வேண்டுமானால் என் வாய் மூடியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் கடை வெயிலில் நிற்கும். நானே கட்டின முடிச்சு, எந்தப் பக்கம் இழுத்தாலும் என் கழுத்தைத்தான் இறுக்கியது.

அந்தப் பக்கத்தில் ஒரு கள்ளிச்செடியின் நிழல்கூடக் கிடையாது. மண்ணாங்கட்டி மரத்தடியில் ஷீட் போட்டான், உண்டியல் வைத்தான், ‘அருள்மிகு தூங்குமூஞ்சி அம்மன்’ என்று போர்டு எழுதினான். செவ்வாய், வெள்ளியில் கூட்டம் நெரிந்தது. அவர்கள் நிழலில் உட்கார்ந்தார்கள், சும்மா உட்கார வெட்கப்பட்டு உண்டியலில் போட்டார்கள்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் மத்தியானம் மண்ணாங்கட்டி ரோட்டோரம் நின்று குரல் கொடுத்தான். அம்மாவுக்கு ஒரு டீ வேண்டுமாம். ஆள் வைத்துக் கொடுத்தனுப்ப எனக்கு ஆள் இல்லை. நானே எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். நிழல் ஆரம்பிக்கிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன், இல்லாவிட்டால் சத்தம் போடுகிறார்கள். உள்ளே போனதும் உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. எத்தனை நல்ல நிழல் அது.

அன்றைக்குக் கூட்டமில்லை. மண்ணாங்கட்டி தேங்காய் மூடி பொறுக்கப் போய்விட்டான். கிளியம்மாள் அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் டீயை நீட்டினேன். அவள் வாங்கவில்லை, கிளாஸைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். பழக்கதோஷம், விளிம்பு உடைந்த கிளாஸில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தேன். திரும்பிப் போய் வேறு கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்தேன். குடித்தாள்.

யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு குனிந்து, காதோடு சொன்னேன். “கிளி, போதும்டி. எறங்கு.”

அவள் டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடித்தாள். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம், என் கடையையும் அதற்குப் பக்கத்தில் அனலில் கிடந்த தொட்டியையும் பார்த்தாள். அம்மன் குரல் இல்லை, பழைய கிளியம்மாளின் குரல்தான் வந்தது.

“எறங்கி எங்கக்கா குந்தறது? வெயில்லயா?”

காலி கிளாஸை வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி வந்தேன். அதைத் தொட்டியில் முக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.